பென்ஹர்: வெட்டப்படாத காட்சி

வீட்டுத் தொலைக்காட்சியில் அகலத்திரைப் படமொன்று தொடங்கியதும், மேலும் கீழும் தோன்றும் கறுப்புப் பட்டைகளைக் கண்டு முகம் சுளிப்போர் பலர். திரை வீணாகிறதே என்று ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி விடுகின்றனர். உண்மையில் அப்பட்டைகள் எதையும் மறைப்பதில்லை. படத்தை முழுமையாகக் காப்பவை அவையே. வில்லியம் வைலர் இயக்கிய 'பென்ஹர்' (1959) இதற்குத் தக்க சான்று.

1950களில் அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிட, அவர்களைத் திரையரங்குக்கு மீட்கும் நோக்குடன் படவுலகம் திரையை அகலமாக்கியது. 1953இல் வெளிவந்த 'தி ரோப்' முதல் சினிமாஸ்கோப் படம். ஆறாண்டுகளுக்குப் பின் 65 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்ட 'பென்ஹர்' அதனையும் விஞ்சியது. உயரம் ஒரு பங்கு எனில் அகலம் 2.76 பங்கு. அந்நாளைய தொலைக்காட்சித் திரையோ 4:3 என்னும் அளவினது. அதனை நிரப்ப வேண்டுமாயின் படத்தின் பாதிக்கும் மேலான பகுதியை நீக்கியாக வேண்டும். வீடியோ நாடாப் பதிப்புகளில் அவ்வாறே நீக்கினர்.

இதனால் நேரும் இழப்பு யாது? நான்கு குதிரைகள் பூட்டிய தேர்கள் பாயும் போட்டியில் அது எவர்க்கும் புலப்படும். எனினும் அமைதியான நாசரேத்துக் காட்சியில்தான் இழப்பு பெரிது. அடிமையாக இழுத்துச் செல்லப்படும் யூதா பென்ஹர் தாகத்தால் மண்ணில் வீழ்கிறான். இயேசு அவனுக்கு நீர் தருகிறார். தடுக்க வந்த உரோமைப் படைவீரன் அவர் முகத்தை நோக்குகிறான், செய்வதறியாது விலகுகிறான். அம்முகத்தை வைலர் நமக்குக் காட்டுவதில்லை. கண்டவர் முகத்தில்தான் அவரை நாம் காண்கிறோம். ஆதலால் வீழ்ந்தவன், தாங்குபவர், தடுப்பவன் ஆகிய மூவருக்கும் இடையிலுள்ள வெளியே இங்குப் பேசுகிறது. பக்கங்களை வெட்டினால் முகங்கள் மிஞ்சலாம், உறவு மிஞ்சாது.

படம் எங்கும் இவ்வகலம் பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. மாளிகை உரையாடல்கள் சிலவற்றில் இருபுறமும் வெறும் அலங்காரமாகவே நிற்கின்றன. சிறு திரையில் படம் ஒடுங்கித் தெரியும் என்ற குறையும் நியாயமானதே. இன்றைய 16:9 திரையிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பாகவே இருக்கும். ஆயினும் சிறிதாகத் தெரிவது வேறு, இல்லாமற் போவது வேறு.

இதே நேர்மை நம் பழைய படங்களுக்கும் உரியது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் இன்றைய திரையில் இடமும் வலமும் பட்டை விட்டே நிற்க வேண்டும். அவற்றைப் பரப்பினால் முகங்கள் உப்பும். பெரிதாக்கினால் தலைகள் அறுபடும்.

தவக்காலத்தில் 'பென்ஹரை'க் குடும்பத்தோடு காண விழைவோர் விளக்கை அணைத்து, சற்றே நெருங்கி அமர்ந்து, பட்டைகளோடு காணட்டும். சிறிது நேரத்தில் கறுப்பு கண்ணை விட்டு அகலும். காட்சி மட்டும் நிற்கும்.