எஞ்சினைக் கழற்றிக் காட்டும் பரீட்சை

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில் ஒரே பேச்சுத்தான். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையிடம் விஞ்ஞானமா, கணிதமா என்று கேட்பார்கள். கணிதத்தில் டபிள்யூ வந்த பிள்ளையிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. கட்டார் விசாவுக்கு எப்போது வயது வரும் என்று வாப்பா கணக்குப் பார்ப்பார்.

அந்தப் பிள்ளையையும் பாடசாலைக்குள் வைத்திருக்க 2017இல் வந்தது 13 வருட உத்தரவாதக் கல்வி. நாடெங்கும் 42 பாடசாலைகளில் முன்னோடியாகத் தொடங்கினார்கள். சாதாரண தரத்தில் சித்தியா இல்லையா என்று பாராமல் இத்திட்டம் பிள்ளைகளை 12ஆம் தரத்துக்கு எடுக்கிறது. 26 தொழிற்பாடங்களிலிருந்து தெரிவு செய்யவிடுகிறது. முடிவில் தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ, நான்காம் மட்டத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்கிறது. அந்த வாக்கை நம்பலாமா?

எண்ணம் புதிதல்ல. 1971 கிளர்ச்சியில் படித்தும் வேலையில்லாத இளைஞர் ஆயுதம் தூக்கினார்கள். அடுத்த வருடமே, பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், தொழில் முன்னிலைப் பாடங்கள் பாடசாலைகளுக்குள் வந்தன. ஊர்த் தொழிலை ஊர்ப் பாடசாலையில் படிப்பிப்பது நோக்கம். 1977இல் ஆட்சி மாற, அந்தச் சீர்திருத்தமும் போயிற்று. ஆட்சியை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. போதிய கருவி இல்லை, தொழில் தெரிந்த ஆசிரியர் இல்லை. தொழில் கொப்பியில் எழுதும் குறிப்பாகிப் போனது. குறிப்பைப் பார்த்து எவர் வேலை கொடுப்பார்?

என்.வி.கியூவை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். படிப்பித்த ஆசிரியரின் சொல் இங்கே போதாது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த மதிப்பீட்டாளர் முன்னால் பிள்ளை வேலையைச் செய்து காட்ட வேண்டும். புள்ளியும் இல்லை, முதலாம் இடமும் இல்லை. தேர்ச்சி உண்டு, அல்லது இன்னும் இல்லை.

கல்முனைக் கடற்கரையில் ஒரு எஞ்சின்காரர் பையனொருவனுக்குப் படிப்பித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவுட்போட் எஞ்சினின் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். நுனி கறுத்து ஈரமாக இருந்தது. "எண்ணெய் கூடிப்போச்சு மகன், சரியா எரியல்ல." பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்துத் துளையைக் காட்டினார். "இதால தண்ணி பீறுதா பாரு. பீறல்லையெண்டா பம்ப் போயிட்டு, உடனே நிப்பாட்டிரணும்." பையன் விரலை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான். அந்த விரல் தொட்டறிந்ததை எந்த வினாத்தாளும் கேட்காது, மதிப்பீட்டாளர் கேட்கலாம். இன்னொன்று: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையால் அந்த எஞ்சின்காரரும் இதே தகைமைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளைக்கும், வாழ்நாளெல்லாம் எஞ்சின் பிரித்தவருக்கும் ஒரே அளவுகோல்.

அளவுகோல் ஒன்று, காலம் ஒன்றல்ல. அவருக்கு வருடங்கள் கிடைத்தன, பிள்ளைக்கு மாதங்கள்தான். 13ஆம் தரத்தில் பிள்ளை பெற வேண்டிய தொழிற்பயிற்சி வேலைத்தளத்தில் உண்மையாக நடந்தால் அந்த இடைவெளி ஓரளவு நிரம்பும். வரவுப் புத்தகத்தில் கையெழுத்தாக முடிந்தால், 1972இன் கொப்பிக் கதையேதான் மறுபடியும்.

2013இல் உயர்தரத்துக்கு வந்த தொழினுட்பப் பிரிவு இதற்கு மாற்றாகாது. அதுவும் இஸட் புள்ளியில் முடிகிற பல்கலைக்கழகப் பாதைதான். கையில் தொழிலோடு வெளியே வர நினைக்கும் பிள்ளைக்கு அது போதாது.

பாடத் தெரிவை ஊரை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அந்த 26இல் நீர்வளம், ஆடை நெசவு, உணவு பதனிடல், கட்டட நிர்மாணம் எல்லாம் இருக்கின்றன. இந்தக் கரையோரத்தைப் பார்த்து எழுதியது போல. தறிச் சத்தம் கேட்கிற மருதமுனையில் நெசவும், மகளுக்கு வீடு கட்டி முடிக்கப் பெற்றோர் வருடக்கணக்காக மேசனையும் ஓடாவியையும் தேடுகிற ஊர்களில் நிர்மாணமும் முதலில் வர வேண்டும். இருக்கிற ஆசிரியருக்கு எது வசதி என்று பார்த்துப் பாடத்தைத் தெரிவு செய்தால், ஊருக்கும் பிள்ளைக்கும் நட்டம்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வாசலில் நடக்கிறது. விதிப்படி சித்தியடைந்தவரும் சேரலாம். ஆனால் நம் வீடுகளிலும் ஆசிரியர் அறையிலும் அது "பெயில் ஆனாக்கள்ற வகுப்பு". அந்தப் பெயர் ஒட்டிய பிறகு நல்ல ஆசிரியர் அங்கே போகத் தயங்குவார். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் அந்த வகுப்பின் சான்றிதழை எடுத்துக்காட்ட எந்த உம்மாவும் விரும்பமாட்டா.

என் தீர்ப்பு: சான்றிதழ் நல்லது, இதைக் கைவிடக்கூடாது. சேர்க்கிற முறையை மாற்றாவிட்டால் அது பத்து வருடம் தாங்காது. அடுத்த பெறுபேறு வந்ததும், ஒன்பது ஏ பிள்ளையையும் டபிள்யூ பிள்ளையையும் பெற்றோரோடு ஒரே மண்டபத்தில் அதிபர் இருத்தட்டும். எஞ்சின்காரரையும் நெசவாளரையும் மேடைக்கு அழைத்து, வேலையைச் செய்து காட்டச் சொல்லட்டும். விண்ணப்பப் படிவத்தை அதன்பிறகு கொடுக்கட்டும்.