தரவரிசையும் கண்ணோட்டமும்
ஜாக் வெல்ச் நூல்களை முன்வைத்து

தலைமைப் பண்பை ஏட்டில் கற்க இயலுமா என்பது பழைய வினா. அரசர்க்கும் அமைச்சர்க்கும் அறிவுரை கூறச் சான்றோர் நூல் செய்த காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்விடத்தைப் பெருநிறுவனத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் பிடித்துக்கொண்டுள்ளன. மேலாண்மை பயிலும் மாணவரும், புதிதாகப் பதவி உயர்வு பெற்ற அலுவலரும், சிறு தொழில் நடத்துவோரும் இவற்றை ஆர்வத்தோடு வாசிக்கின்றனர். ஆர்வம் நல்லதே. ஆயினும் இந்நூல்கள் நமக்கு எதைக் கற்பிக்கின்றன, எதைக் கற்பிக்காமல் விடுகின்றன என்று ஒருமுறை நின்று நோக்குவது நம் கடமையாகும். அதற்கு இவ்வகை நூல்களுள் உலகெங்கும் பெரும் செல்வாக்குப் பெற்றவற்றையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை இருபது ஆண்டுகள் நடத்தியவர் ஜாக் வெல்ச். அவர் பொறுப்பேற்றபோது அந்நிறுவனத்தின் பங்குச் சந்தை மதிப்பு ஏறத்தாழ 1,400 கோடி டாலர். அவர் விலகியபோது அது 40,000 கோடி டாலர் அளவில் இருந்தது. 1999-இல் ஃபார்ச்சூன் இதழ் அவரை இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த மேலாளர் என்று அறிவித்தது. அவரைப் பற்றி நோயல் டிச்சியும் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஷெர்மனும் 1993-இல் ஒரு நூல் எழுதினர். ராபர்ட் ஸ்லேட்டர் பல நூல்கள் எழுதினார். 2001 செப்டம்பரில் வெல்ச் தம் தன்வரலாற்றை, ஜான் பைர்ன் என்னும் இதழாளரின் துணையுடன், 'ஜாக்: ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி கட்' என்ற பெயரில் வெளியிட்டார். 2005-இல் துணைவியார் சூசியுடன் சேர்ந்து 'வின்னிங்' என்ற நூலையும் தந்தார். இவற்றுள் தன்வரலாறே மூலநூல். பிற நூல்கள் பேசும் கருத்துகள் அதில் உயிரோடு நிற்கின்றன.

அந்நூலின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது சலிப்பின்றிச் செல்கிறது. பூசி மெழுகும் அலுவலக மொழி அதில் குறைவு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். தந்தை தொடர்வண்டி நடத்துநர். மகன் பீடச் சிறுவன். பேச்சில் திக்குதல் உண்டு. உன் அறிவின் வேகத்துக்கு உன் நாக்கு ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று தாய் கிரேஸ் அவனைத் தேற்றுகிறார். அதே தாய், ஹாக்கி ஆட்டத்தில் தோற்று மட்டையை வீசி எறிந்த மகனை, உடைமாற்றும் அறைக்குள்ளேயே புகுந்து, தோழர் முன்னிலையில் கண்டிக்கிறார். தோல்வியைத் தாங்கத் தெரியாதவனுக்கு வெற்றியும் தெரியாது என்பது அவர் கண்டிப்பின் சாரம். கனிவும் கண்டிப்பும் ஒருவரிடமே குடிகொண்டிருந்த இத்தாயின் சித்திரம் நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று எனலாம்.

இந்நூலில் நம் கருத்தைக் கவர வேண்டிய நிகழ்ச்சிகள் இரண்டு உள்ளன. இரண்டும் வெல்ச் இளம் வேதிப் பொறியாளராய் பிட்ஸ்ஃபீல்ட் நகரில் பணியாற்றிய காலத்தவை.

முதலாவது, 1961-இல் நடந்தது. ஓராண்டுப் பணிக்குப் பின் அவருக்கு ஆயிரம் டாலர் ஊதிய உயர்வு கிடைக்கிறது. மகிழ்ந்தார், ஆனால் உடன் பணியாற்றிய அனைவருக்கும் அதே தொகைதான் என்று அறிந்ததும் மனம் கசந்து வேலையை விட்டு விலக முடிவு செய்கிறார். ரூபன் குட்டாஃப் என்னும் மேலதிகாரி விரைந்து வந்து, இரவு உணவின்போது நெடுநேரம் பேசி அவரைத் தடுத்து நிறுத்துகிறார். திறமையுள்ளவனையும் இல்லாதவனையும் ஒன்றாக நடத்தலாகாது என்பது இதிலிருந்து வெல்ச் பெற்ற பாடம்.

இரண்டாவது, 1963-இல் நிகழ்ந்தது. அவர் பொறுப்பிலிருந்த சோதனை ஆலையில் வெடி விபத்து ஏற்பட்டுக் கட்டடத்தின் கூரை பறந்தது. நற்பேறாக எவருக்கும் பெருங்காயம் இல்லை. மறுநாள் வேலை போய்விடும் என்ற நடுக்கத்தோடு, நூறு மைல் வண்டியோட்டிச் சென்று சார்லி ரீட் என்ற உயர் அதிகாரி முன் நிற்கிறார். ரீட் சினக்கவில்லை. விபத்து ஏன் நேர்ந்தது, இதிலிருந்து என்ன அறிந்தாய், அம்முறையைத் திருத்திக்கொள்ள வழியுண்டா என்று ஓர் ஆசிரியரைப் போல் வினவுகிறார். வீழ்ந்து கிடப்பவனை அந்நேரத்தில் அடிக்கலாகாது என்பது வெல்ச் பெற்ற இரண்டாம் பாடம்.

இனி வினவுவோம்: பின்னாளில் நிறுவனமே தம் கையில் வந்தபோது, இவ்விரு பாடங்களுள் எதை வெல்ச் சட்டமாக்கினார்? முதலாவதை மட்டுமே. ஊதிய உயர்வுச் சினம் ஒரு நிருவாக முறையாக வளர்ந்தது. மேலாளர் ஒவ்வொருவரும் தம்கீழ்ப் பணிபுரிவோரை ஆண்டுதோறும் மூன்று வகுப்பாகப் பிரிக்க வேண்டும்: மேல்மட்டம் 20 விழுக்காடு, நடுமட்டம் 70 விழுக்காடு, கீழ்மட்டம் 10 விழுக்காடு. மேல்மட்டத்தார்க்குப் பரிசும் பங்குரிமையும். கீழ்மட்டத்தார் வெளியேற வேண்டும். ரீட் காட்டிய பொறுமையோ இனியதொரு நினைவாக நூலில் நின்றுவிட்டது. அதற்கென ஒரு விதி பிறக்கவில்லை.

ஒரு பிழை செய்தவுடன் எவரும் கடைசிப் பத்தில் தள்ளப்படுவதில்லை என்று வெல்ச் தரப்பினர் விடை கூறக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம். நம் மறுப்பு வேறு. ரீட் அன்று அவ்விளைஞனின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பளிக்க முடிந்தது; ஏனெனில் நிரப்பி அனுப்ப வேண்டிய எண்ணிக்கை எதுவும் அவர் மேசையில் இல்லை. இத்தனை பேர் கடைசியில் இருந்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவிட்டால், மேலாளர்க்குத் தீர்ப்பளிக்கும் உரிமையே பறிபோகிறது. ஆளைப் பார்த்து எண்ணிக்கை அமைவதற்கு மாறாக, எண்ணிக்கைக்கு ஏற்ப ஆள் தேடப்படுகிறான்.

இதற்குச் சான்று நூலுக்குள்ளேயே கிடைக்கிறது. கடைசிப் பத்து விழுக்காட்டைக் குறிக்க மனமில்லாத மேலாளர்கள் செய்த தந்திரங்களை வெல்ச் கூறுகிறார். ஓய்வுபெற இருப்போர் பெயரைச் சிலர் எழுதினர். ஒரு பிரிவினரோ, இரண்டு திங்களுக்கு முன் இறந்துபோன ஒருவரின் பெயரையே பட்டியலில் சேர்த்துவிட்டனர்! வெல்ச்சுக்கு இது கடினமான முடிவுகளைத் தவிர்க்கும் கோழைத்தனத்திற்கு எடுத்துக்காட்டு. நாம் இதனை வேறு விதமாக வாசிக்கிறோம். உயிரோடிருக்கும் எவரையும் அந்த இடத்தில் நிறுத்த மனம் வராமல், இறந்தவரிடம் அடைக்கலம் புகுந்த மனிதர்கள் அவர்கள். ஒரு விதி அதனை நிறைவேற்ற வேண்டியவர்களையே இந்நிலைக்குத் தள்ளுமாயின், ஐயுற வேண்டியது அவர்களின் துணிவையா, விதியின் நேர்மையையா என்று ஆசிரியர் ஒரு கணம் நின்று கேட்டிருக்கலாம்.

வரலாறும் இவ்வினாவையே எழுப்பியது. ஃபோர்டு நிறுவனம் 2000-இல் இத்தகைய கட்டாயத் தரவரிசையைப் புகுத்தி, வழக்குகள் எழவே 2001-இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013-இல் தன் தரவரிசை முறையை நிறுத்தியது. பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக்கே ஆண்டுத் தரமதிப்பீட்டு முறையிலிருந்து விலகிச் சென்றது. காரணம் எளிது. முதல் ஆண்டில் உண்மையிலேயே வேலை செய்யாதவர் வெளியேறக்கூடும். ஐந்தாம் ஆண்டிலும் பத்தில் ஒருவர் போயே தீர வேண்டும் என்றால், அப்போது போகிறவர் யார்? அருகில் இருப்பவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தால் அவர் நம்மை முந்திவிடுவாரே என்ற அச்சம் புகுந்த இடத்தில் கூட்டுப்பணி எவ்வாறு தழைக்கும்?

அடுத்து, ஆட்குறைப்பு. 1980 இறுதியில் 4,11,000 பேர் பணியாற்றிய நிறுவனத்தில் 1985 இறுதியில் 2,99,000 பேரே இருந்தனர். விற்கப்பட்ட பிரிவுகளோடு சென்றவர் நீங்கலாக 81,000 பேர் வேலை இழந்தனர் என்று வெல்ச்சே கணக்குத் தருகிறார். கட்டடத்தை விட்டுவிட்டு மனிதரை மட்டும் அழிக்கும் நியூட்ரான் குண்டின் பெயரை அமெரிக்க இதழ்கள் அவருக்குச் சூட்டின. அப்பெயர் தம்மைப் புண்படுத்தியது என்கிறார் அவர். ஜப்பானியப் போட்டி வலுத்த காலம் அது. நிறுவனம் நொடித்தபின் அனைவரையும் தெருவில் விடுவதினும், வலுவோடு இருக்கும்போதே நல்ல ஈட்டுத்தொகை தந்து சிலரை அனுப்புவது மேல் என்பது அவர் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் நூலின் அமைப்பைக் கவனியுங்கள். பெயர் சூட்டப்பட்டதால் தலைவருக்கு நேர்ந்த மனவருத்தம் விரிவாகப் பேசப்படுகிறது. உடற்பயிற்சிக் கூடம், விருந்தினர் விடுதி, பயிற்சி நிலையம் ஆகியவற்றுக்கு அதே காலத்தில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவிட்டது ஏன் என்பதற்கும் நியாயம் கூறப்படுகிறது. 81,000 பேரோ ஓர் எண்ணாக மட்டுமே வந்து போகின்றனர். அவர்களின் ஊர், அவர்கள் மனைவி மக்கள், பின்னர் அவர்கள் செய்த தொழில் எதுவும் நாம் அறியோம். தலைமை என்பது பிறர் வாழ்வின்மீது செலுத்தப்படும் அதிகாரம். அந்தப் பிறருக்கு முகமே இல்லாத நூலில் தலைமையின் பாதிக் கதைதான் இருக்க முடியும்.

நேர்மையோடு மற்றொன்றையும் கூற வேண்டும். 1989-இல் வெல்ச் தொடங்கிய 'வொர்க்-அவுட்' கூட்டங்கள் உண்மையிலேயே நற்பயன் விளைத்தவை. தொழிலாளர் ஒன்றுகூடி வேலையிலுள்ள வீண் தடைகளைப் பேசுவர். மேலாளர் அப்போது வெளியே இருப்பார். இறுதியில் வந்து, பெரும்பாலான கோரிக்கைகளுக்கு அனைவர் முன்னும் அங்கேயே ஆம், இல்லை எனப் பதில் கூற வேண்டும். கைகளால் உழைப்பவனுக்கு மூளையும் உண்டு என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. நம் நிறுவனங்கள் இதனைக் கற்றால் நன்மையே.

எனினும், மனம் திறந்த பேச்சை இத்துணை போற்றிய தலைவர், அது தம்மை நோக்கி வந்தபோது எவ்வாறு ஏற்றார்? ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த இரு ஆலைகளிலிருந்து 1977 வரை முப்பது ஆண்டுகளாக பி.சி.பி. என்னும் வேதிப்பொருள் ஆற்றில் கலந்தது. 1998-இல் சின்சினாட்டியில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் டொமினிக் சபை அருட்சகோதரி பட்ரீசியா டேலி எழுந்து, அப்பொருளால் தீங்கில்லை என்று கூறுவது புகையிலை நிறுவனத்தார் பேச்சைப் போன்றது என்று வெல்ச்சிடம் நேரில் எடுத்துரைத்தார். வெல்ச் வெகுண்டார், உண்மையின் பக்கம் நிற்க நீங்கள் கடவுளுக்குக் கடமைப்பட்டவர் என்று அவருக்கே அறிவுரை கூறினார். 2002-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆற்றைத் தூர்வாரித் துப்புரவாக்கும் முடிவை வெளியிட்டது. 2009 முதல் 2015 வரை நிறுவனமே தன் செலவில் அப்பணியைச் செய்தது. தமக்குக் கீழ் உள்ளவர் பேசக் கேட்பது ஒரு பயிற்சி. தம் அதிகாரத்துக்கு உட்படாதவர் பேசக் கேட்பதே தேர்வு.

இந்நூல்களின் மற்றொரு குறை, அவை எழுதப்பட்ட நேரம். புகழின் உச்சியில் நின்று எழுதப்பட்டவை அவை. நிறுவனத்தின் இலாபத்தில் கணிசமான பகுதி, பொருள் உற்பத்தியினின்றும் விலகி, ஜி.இ. கேபிட்டல் என்னும் நிதிப்பிரிவிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. 2008 நிதி நெருக்கடியில் அப்பிரிவே நிறுவனத்தை ஆட்டங்காணச் செய்தது. வாரன் பஃபெட்டிடமிருந்து 300 கோடி டாலர் முதலீட்டை நாட வேண்டியதாயிற்று. 2018-இல் டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து ஜெனரல் எலெக்ட்ரிக் நீக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அது மூன்று தனி நிறுவனங்களாகப் பிரிந்து முடிந்தது. பின்வந்தோரின் முடிவுகளுக்கும் இதில் பெரும் பங்குண்டு. பழி முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவது முறையன்று. ஆனால் பின்வந்தோரின் பழியைப் பிரித்துப் பார்ப்போர், வெற்றிக்காலத்தின் புகழையும் அவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? 2020-இல் வெல்ச் மறைந்தார். டேவிட் கெல்லஸ் 2022-இல் எழுதிய நூல், முதலாளித்துவத்தையே சிதைத்தவர் என்று அவரைச் சாடுகிறது. ஒருவரையே நாயகனாக்கும் நூலுக்கு விடையாக, ஒருவரையே கொடியவனாக்கும் நூல் பிறப்பது வியப்பன்று. இரண்டிலும் பார்வை ஒரே நாற்காலியை விட்டு அகலவில்லை.

இவை கடல் கடந்த கதைகள் என்று நாம் ஒதுக்க இயலாது. 2000-இல் பெங்களூரில் திறக்கப்பட்ட ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சி மையத்திற்கு வெல்ச்சின் பெயரே சூட்டப்பட்டது. நம் பிள்ளைகள் பணிபுரியும் கணினி நிறுவனங்கள் பலவற்றில் 'பெல் கர்வ்' என்னும் தரவரிசை நெடுங்காலம் புழங்கியது. ஆண்டு மதிப்பீட்டுக் காலத்தில் உறக்கம் இழந்த இளைஞர் நம் வீடுகளிலும் உண்டு. அப்பட்டியலை எழுத வேண்டிய இடத்தில் அமர்ந்திருப்போரும் உண்டு.

அத்தகையோர் இந்நூல்களைத் தவிர்க்க வேண்டுவதில்லை. அருகில் திருக்குறளையும் வைத்து வாசிக்கட்டும். வள்ளுவர் அரசியல் பகுதியில் ஆளைத் தேர்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெரிந்து வேலையில் அமர்த்துவதற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். தகுதி பாராமல் ஆள்வதை அவர் ஏற்கவில்லை. ஆனால் அதே பகுதியில் 'வெருவந்த செய்யாமை' என்றும் 'கண்ணோட்டம்' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பிறர் அஞ்சும்படி நடவாமையும், முகம் நோக்கி இரங்குதலும் அவருக்கு இல்லறத்தின் நற்குணங்கள் மட்டுமல்ல, ஆட்சியின் உறுப்புகள்.

வெல்ச்சின் வாழ்வும் இதையே மெய்ப்பிக்கிறது. குட்டாஃப் அவர் தகுதியை அறிந்தார். ரீட் அவர் பிழையைப் பொறுத்தார். இருவருள் எவர் இல்லாதிருப்பினும் அந்நூலை எழுத ஒரு வெல்ச் இருந்திருக்க மாட்டார். மதிப்பீட்டுத் தாளைக் கையில் எடுக்கும் நம் இளைஞர், கடைசிக் கட்டத்தில் ஒரு பெயரை எழுதுமுன், அந்த மனிதரை ஒருமுறை எதிரே அமர்த்தி, ரீட் கேட்ட வினாக்களைக் கேட்டுப் பார்க்கட்டும். அதன்பின் எழுத வேண்டியிருந்தால் எழுதட்டும்.