நொடி முள் இல்லாத கடிகாரம்

மகளிர் தினக் கூட்டங்களில் பேசப் போகும் பெண்களுக்குப் பொன்னாடை, மரக்கன்று, திருக்குறள் உரை என்று ஏதாவது ஒன்று கையில் வந்து சேரும். சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் எனக்குக் கிடைத்தது கைக்கடிகாரம். ரோஸ் நிறப் பட்டை, சின்ன வட்ட முகப்பு. முகப்பில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம். படத்துக்கு மேலே வளைவாக, 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்'. கீழே கல்லூரியின் பெயர், அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில். இரண்டு முள்களையும் தாங்கும் ஆணி சரியாக அவருடைய மூக்கின்மேல் இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மாணவி, "மூக்குத்தி மேம்" என்று கிசுகிசுத்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

வெள்ளானூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அன்று மாலை கடிகாரத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார், கும்பிட்டார். பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நொடி முள்ளே இல்லியே டீச்சரம்மா. டாக்டரம்மா படம் போட்டிருக்காங்க, இத வச்சி நாடிகூட பாக்க முடியாதே."

நான் ஒரு மணி நேரம் மேடையில் பேசியதைவிட நல்ல விமர்சனம் அது. பரிசாக வந்த பொருளைக் குறை சொல்வது பண்பல்ல என்பார்கள். ஆனால் நினைவுப் பொருளும் ஒரு பிரதிதான். யாரை நினைக்க வேண்டும், எதற்காக நினைக்க வேண்டும், எந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அது நமக்குச் சொல்லித்தருகிறது. கவிதையை வரி வரியாக வாசிப்பதுபோல் அதையும் வாசிக்கத்தான் வேண்டும்.

முதலில் அந்த வளைந்த வரி. அது தவறு. முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறந்தது 1886 ஜூலை 30. அதே 1886-இல் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார்கள். நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875-இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். 1878-இல் அங்கே சேர்ந்த கிருபாபாய் சத்தியநாதன் உடல்நலம் குன்றி ஓராண்டிலேயே விலகினார். பிறகு 'சகுணா' என்ற நாவலை எழுதினார். முத்துலட்சுமி அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தது 1907-இல், தேறி வெளியே வந்தது 1912-இல்.

இதைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் எதிர்ப்புகளைத் தாண்டிப் போன பெண் அவர். 1926-இல் சென்னை மாகாணச் சட்ட சபையின் முதல் பெண் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் ஆனார். அங்கே 'முதல்' என்பது உண்மை. ஆனால் கடிகாரம் அந்த உண்மையை எடுத்துக்கொள்ளவில்லை. சட்ட சபையில் சண்டை போட்ட பெண்ணைவிட, வெள்ளைக் கோட்டு போட்ட பெண் பரிசுப் பொருளுக்கு வசதியானவள். மருத்துவம் சேவை, தாய்மையின் நீட்சி என்று சொல்லி முடித்துவிடலாம். அரசியலை அப்படிச் சொல்லி முடிக்க முடியாது.

'முதல்' என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது முன்னால் வந்தவர்களை அழிக்கிறது. பாதியில் விட்டவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்னால் வருகிறவர்களிடம், 'அதுதான் ஒருத்தி சாதித்துவிட்டாளே' என்கிறது. ஒரு பெண்ணை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிற சொல் அது.

இனி நொடி முள். 'நாடி' என்பது நம் மொழியில் துடிப்புக்கும் பெயர், காலத்துக்கும் பெயர். நாழிகை என்ற சொல்லுக்கு மூலமும் அதுதான். விநாடிக்குள்ளும் அது இருக்கிறது. சித்த மருத்துவர்கள் பெண்ணுக்கு இடக்கையிலும் ஆணுக்கு வலக்கையிலும் நாடி பார்த்தார்கள். எண்ணிக்கையைவிட நடையைக் கவனித்தார்கள். துடிப்பை நிமிடக் கணக்கில் எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரத்தை இங்கிலாந்தின் ஜான் ஃப்ளாயர் 1707-இல் எழுதிய நூலில் அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு நொடி முள் மருத்துவரின் கருவியானது, செவிலியரின் கருவியும் ஆனது. இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் தெரு அக்கா அப்படி எண்ணி எண்ணி அனுப்பிய குழந்தைகள் இன்று ஆவடி ரயிலில் வேலைக்குப் போகிறார்கள்.

பெண்ணுக்குச் செய்யும் கடிகாரத்தில் மட்டும் ஏன் நொடி முள் காணாமல் போகிறது? ஐரோப்பாவில் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் முதலில் பெண்களின் நகையாகத்தான் இருந்தது. ஆண்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்குக் கையில் நேரம் தேவைப்பட்ட பிறகு அது ஆணின் பொருளாகவும் ஆனது. நம் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுகிறோம். பெண்ணுக்கு வளையல் போடுகிறோம். பிறகு வளையல் மாதிரியே ஒரு வாட்ச் செய்து 'லேடீஸ் வாட்ச்' என்கிறோம். அவள் நேரத்தை அளக்க வேண்டியவள் அல்ல, அணிய வேண்டியவள். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் வந்து நேரம் சொல்கிறார்கள். வீட்டில் காத்துக்கிடக்கும் அவன் மனைவிக்கு நேரம் சொல்ல அந்தப் பாட்டில் ஆளில்லை. வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாட்டு. இந்தக் கடிகாரம் வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

முத்துலட்சுமியின் வாழ்க்கையே காலத்தோடு போட்ட மல்லுக்கட்டுதான். 1923-இல் தங்கை புற்றுநோயில் இறந்தார். அதற்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அப்போது நினைத்தவர், 1952-இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டவைத்து, 1954 ஜூன் 18 அன்று அடையாறில் அதைத் திறந்தார். தொடங்கும்போது 12 படுக்கைகள். துக்கத்துக்கும் படுக்கைக்கும் இடையில் 31 வருடங்கள். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க 1927-இல் சட்ட சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் வந்தது 1947-இல். இடையில் 20 வருடங்கள். 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியையும் விட்டுவிட்டார். இவ்வளவு காத்திருப்பையும் 'முதல்' என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது. ஒரு நாள் பட்டம் வாங்கினார், சரித்திரம் ஆனார் என்று மாணவிகள் நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு தங்கள் வாழ்க்கையில் பத்து வருடம் ஒன்றும் நடக்காதபோது தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

முகப்பில் இல்லாத இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். எந்த மரபை ஒழிக்க மகள் போராடினாரோ, அந்த மரபுப் பெண்களில் பலர் அவரை எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தார். எங்கள் கலையும் எங்கள் சொத்துரிமையும் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த எதிர்ப்பில் இருந்தது. அதே மரபின் துயரத்துக்குள்ளிருந்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார், 1936-இல் நாவலே எழுதினார். நான் மூவலூராரின் பக்கம். ஒரு சிறுமியின் உடலை அவளைக் கேட்காமல் நேர்ந்துவிடுவதற்கு எந்தக் கலையும் சமாதானம் ஆகாது. 1930-இல் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட மூன்று பெண்கள் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அப்படித்தான் ஒளவை இல்லம் பிறந்தது. ஆனாலும் நாகரத்தினம்மாளின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். சட்டம் வந்தபோது வயதாகிவிட்ட ஒரு தாசிக்கு அது கொடுத்த பதில் என்ன? இந்த மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதுதான் மரியாதை. ஒருத்தியை மட்டும் கண்ணாடிக்குள் வைப்பது சுலபம்.

அரசு அவர் பெயரில் வைத்திருக்கும் நினைவுப் பொருள் இதைவிடப் பயனுள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2018 முதல் ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. அந்தப் பெட்டகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வரும் பெண்களை நான் பார்க்கிறேன். அதிலும் ஒரு கணக்கு உண்டு: வயது 19 ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கத்தான் இந்த வயது வரம்பு என்பது புரிகிறது. ஆனால் பதினேழில் கட்டிக்கொடுக்கப்பட்டுக் கர்ப்பமானவளுக்குத்தான் சத்து அதிகம் தேவை. கட்டிக்கொடுத்தவர்கள் செய்த தவறுக்கு அவளுடைய பெட்டகம் போகிறது. திருமண வயதை உயர்த்தப் போராடியவரின் பெயரில் இது நடப்பது எனக்கு உறுத்துகிறது.

வகுப்பில் கடிகாரத்தைச் சுற்றுக்கு விட்டு, அந்த வரியில் என்ன பிழை என்று கேட்டேன். ஆனந்திபாய், காதம்பினி பெயர்களைப் பலகையில் எழுதினேன். பின் பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். "மேம், எங்க வீட்ல முதல் பட்டதாரி சர்டிஃபிகேட் அண்ணனுக்குத்தான். அவன் அதுல இன்ஜினியரிங் சேந்தான். ஒரு வீட்ல ஒருத்தருக்குத்தானாம். எனக்கும் இன்ஜினியரிங் மார்க் இருந்துச்சு, ஃபீஸ் கட்ட முடியல. அதான் இங்க வந்தேன். முதல்ல வந்தாதான் எல்லாமா மேம்?"

வகுப்பு அமைதியானது. அந்தச் சலுகை பல்லாயிரம் வீடுகளைத் தூக்கிவிட்டிருக்கிறது; எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் முந்திப் பிறந்த வீட்டில் தங்கை எப்போதும் 'முதல்' ஆக மாட்டாள். எங்கள் அம்மாக்களில் யாரும் கல்லூரி வாசல் மிதிக்கவில்லை. அந்த வரிசையில் அவள்தான் முதல் பெண் என்பதை எந்தச் சான்றிதழும் எழுதாது. பதில் சொல்லத் தெரியாமல், "இல்லைம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு சொல் போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நாளை உங்களில் ஒருத்தியிடம் ஒரு நினைவுப் பொருளுக்கு வாசகம் எழுதித் தரச் சொல்லி வருவார்கள். 'முதல்' என்று எழுதும் முன் அது உண்மையா என்று பாருங்கள். உண்மையாகவே இருந்தாலும், அவருக்கு முன்னால் முயன்று விட்டவர் ஒருவரின் பெயரையும், அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் போதவில்லை என்பார்கள். கல்லூரியின் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் இடம் கிடைக்கும்.

அந்தக் கடிகாரத்தை நான் கட்டுவதில்லை. தூக்கியும் போடவில்லை, புத்தக அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் தலைசுற்றல் என்று அக்காவிடம் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் கையில் இருந்த பழைய ஆம்பளை வாட்சைப் பார்த்து உதடு அசைய எண்ணினார். "எழுபத்தெட்டு. ஒண்ணுமில்ல, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார்.