ராமேஸ்வரத்துக் கடைசி வரிசை

அரபி மொழியில் 'அதப்' என்னும் ஒரே சொல் இலக்கியத்தையும் நல்லொழுக்கத்தையும் குறிக்கும். ஆகவே மொழிப்பாடத்தின் வழியே மாணவரைப் பண்படுத்துவது நமக்குப் புதிய செய்தியன்று. ஆங்கிலப் பாடங்களின் வாயிலாகத் தேசிய விழுமியங்களையும் குடிமைப் பண்பையும் புகட்டும் முயற்சியையும் இந்தக் கண்கொண்டே பார்க்கிறோம்.

என்.சி.இ.ஆர்.டி. 2006இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நூல் 'பீஹைவ்'. கோவையில் பெருகிவிட்ட சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பல்லாண்டுகள் பயிலப்பட்ட நூல் அது. அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' தன்வரலாற்றிலிருந்து அவரது இளம்பருவத்தைக் கூறும் பகுதி அதில் ஒரு பாடமாக இடம்பெற்றது. தொகுத்தோரின் தேர்வைப் பாராட்டியே ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி அணிந்த சிறுவன் பூணூல் அணிந்த ராமநாத சாஸ்திரியின் அருகில் அமர்ந்திருப்பதைப் பொறாமல் அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார். நண்பன் அழுகிறான். செய்தியறிந்த ராமநாதனின் தந்தை, ராமேஸ்வரம் கோயிலின் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை வரவழைத்துக் கண்டிக்கிறார்: மன்னிப்புக் கேட்க வேண்டும், அன்றேல் பள்ளியையும் தீவையும் விட்டு வெளியேற வேண்டும். ஆசிரியர் வருந்தித் திருந்துகிறார். குடிமைப் பண்புக்கு இதனினும் தெளிவான விளக்கத்தைக் குடிமையியல் நூல்களில் நாம் கண்டதில்லை.

பாடத்தை ஒட்டிய வினாக்களிலும் நல்லவை உண்டு. வேற்றுமைகள் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றன, எவ்வாறு தீர்க்கப்படுகின்றன என்பதற்கு இரு நிகழ்ச்சிகளை விவரிக்கக் கோருகிறது ஒன்று. ('தினமணி' எதன் பெயராயிருக்கும் என்று ஊகிக்கச் சொல்லும் வினாவும் உண்டு. டீக்கடைதோறும் அதைக் காணும் நம் பிள்ளைகளுக்கு அது வினாவே அன்று!) இடறுவது மொழிப்பயிற்சியில்தான். முன்னொட்டுச் சேர்த்து எதிர்ச்சொல் ஆக்கத் தந்த பட்டியலில், 'ரெகுலர்', 'பாசிபிள்' முதலியவற்றோடு 'டாலரன்ட்', 'பேட்ரியாட்டிக்' என்பனவும் வரிசையில் நிற்கின்றன. 'அன்' என்று முன்னே ஒட்டியதும் நாட்டுப்பற்றுள்ளவன் நாட்டுப்பற்றற்றவன் ஆகிவிடுகிறான், விடை சரி. 1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளையும் கண்ட நகரம் இது. அவற்றுக்குப் பின் பிறந்த கோட்டைமேட்டுப் பிள்ளைகளும் அச்சொல்லின் சுமையை அகராதி பாராமலே அறிவர். அதைப் பற்றிப் பேசப் பயிற்சியில் இடமில்லை.

மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (மறைவு 1999) சிறாருக்கு அரபி கற்பிக்க எழுதிய 'கஸஸுன் நபிய்யீன்' நம் மதரஸாக்களில் பழகிய நூல். யூசுஃப் நபியின் வரலாற்றை அதில் பயிலும் பிள்ளை, எளிய சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறது. சகோதரர்கள் அவரைக் கிணற்றில் இட்டதும் பின்னர் அவர் அவர்களை மன்னித்ததும் அச்சொற்களோடு சேர்ந்தே மனத்தில் படிகின்றன. இலக்கணம் ஒருபுறமும் ஒழுக்கம் மறுபுறமுமாகப் பிரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மாலையில் நம்மிடம் ஓத வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் கலாம் பாடத்தின் விடைகளைக் கையேட்டில் உள்ளவாறே ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்பித்தார். தமிழில் சொல்லச் சொன்னோம். தயங்கித் தொடங்கியவர், ஆசிரியர் சிறுவனை எழுப்பும் இடத்தில் குரலையே மாற்றிக்கொண்டார். பாடம் அப்போதுதான் அவருக்குள் இறங்கியது எனத் தோன்றிற்று. "உன்னை இப்படி அனுப்பினால் உன் அத்தா பள்ளிக்கு வந்து கேட்பாரா?" என்றோம்.

"கேக்க மாட்டாங்க ஹஜ்ரத். மார்க்குல கை வச்சிருவாங்கன்னு பயப்படுவாங்க."

ராமேஸ்வரத்தில் கேட்டவர் கலாமின் தந்தையல்லர், பக்கத்தில் இருந்தவனின் தந்தை என்பதை நினைவூட்டினோம். கையேட்டில் அதற்கொரு வினா இல்லை. "உன் பக்கத்தில் உட்காருபவனின் அப்பா வருவாரா?"

சற்று யோசித்தார். "அவங்க அப்பாவ நான் பாத்ததே இல்லையே, ஹஜ்ரத்."