கூட்டத்துக்கு எத்தனை பேர்!

லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் ஆட்டம். இருக்கைகளை நிறைத்திருப்பவர்களை அங்குள்ள நாளேடுகள் 'கிரவுட்' என்று எழுதும். சற்று நிதானமான நடையில் 'ஸ்பெக்டேட்டர்ஸ்' என்று எழுதும். 'ஆடியன்ஸ்' என்று எழுதுவது அபூர்வம். அதே ஆட்டத்தை வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்ப்பவர்களோ 'டெலிவிஷன் ஆடியன்ஸ்' ஆகிவிடுகிறார்கள். இருவரும் பார்ப்பது ஒரே ஆட்டத்தைத்தான். ஆனாலும் பெயர் இடமறிந்து, பதமாக மாறிக்கொள்கிறது. மனிதக் கூட்டத்துக்கு ஆங்கிலம் பெயரிடும் நேர்த்தியை ரசிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஆடியன்ஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'கேட்டல்'. ஸ்பெக்டேட்டரின் வேர் 'பார்த்தல்'. இதை அகராதியே சொல்லிவிடும். அதைத் தாண்டி இன்னொரு நயம் இருக்கிறது, கவனியுங்கள். அரங்கு நிறைய ஆயிரம் பேர் உட்கார்ந்து கேட்டாலும் அவர்கள் ஓர் ஆடியன்ஸ்தான். சொல் ஒருமையிலேயே நிற்கிறது. பார்க்க வந்த ஆயிரம் பேரையோ ஸ்பெக்டேட்டர் என்ற ஒருமையில் அடக்க முடியாது; ஸ்பெக்டேட்டர்ஸ் என்று பன்மையில்தான் சொல்லியாக வேண்டும். கேட்பவர்கள் ஒரே செவியாகிவிடுகிறார்கள். பார்ப்பவர்கள் அவரவர் கண்ணோடு தனித்தனியே இருக்கிறார்கள். யாரும் திட்டமிட்டு அமைத்ததல்ல இது. தானாக அமைந்ததனாலேயே எனக்கு இதன் மேல் இத்தனை பிரியம்.

கிரவுட் உடம்பின் சொல். நெருக்கித் தள்ளுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. தோளோடு தோள் உரசும் வெக்கை இன்னும் அதில் இருக்கிறது. 'திராங்' என்ற சொல்லிலும் அதே நெருக்கம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு பழமையின் மெருகு ஏறியிருக்கிறது; திருவிழாத் தெருவுக்கும் யாத்திரிகர் வழிக்கும் பொருந்தும், ரயில் நிலையத்து அவசரத்துக்குப் பொருந்தாது. 'மாப்' என்றாலோ முகம் சிவந்துவிடுகிறது. நிலையில்லாத கும்பல் என்று பொருள்படும் லத்தீன் தொடரை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டிக் குறுக்கிய சொல் அது. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டுக்கு அந்தக் குறுக்கல் பிடிக்கவே இல்லை. 1710இல் 'டாட்லர்' இதழில் இப்படிப்பட்ட வெட்டுச் சொற்களைக் கண்டித்து எழுதினார். ஸ்விஃப்ட் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் இந்த ஒன்றில் மக்கள் காதுதான் வென்றது, வென்றதும் நியாயமே. ஓரசையில் வெடிக்கும் அந்த ஒலிக்குள்ளேயே கல்லெறியின் வேகம் இருக்கிறதே!

தேவாலயத்தில் கூடுவோர் 'காங்கிரிகேஷன்'. உள்ளே ஆட்டு மந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல் உறங்குகிறது. முன்னே நிற்பவர் 'பாஸ்டர்', அதாவது மேய்ப்பர். இரண்டு சொற்களும் ஒன்றையொன்று எவ்வளவு அழகாகத் தேடி அடைந்திருக்கின்றன!

என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது 'கம்பெனி'. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் கட்டடமும் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வருகின்றன. அடியில் இருப்பதோ ரொட்டி. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்கள் என்பதே அதன் ஆதிப் பொருள். நாடகக்காரர்கள் இந்தச் சொல்லை விடாமல் வைத்திருக்கிறார்கள். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பெயரைச் சொல்லும்போது அந்தப் பந்தி வாசனை லேசாக வீசுகிறது. நம் ஊரிலும் பாய்ஸ் கம்பெனிகள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி நாடகம் வளர்த்தவைதானே! பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு கப்பலின் அதிகாரிகள் முதல் கடைநிலை மாலுமி வரை எல்லோரும் சேர்ந்தால் 'ஷிப்ஸ் கம்பெனி'. 'க்ரூ' என்றால் சில இடங்களில் அதிகாரிகள் விலகி நிற்பார்கள். கம்பெனி எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது.

ட்ரூப் என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துருவங்கள். ஒன்று படைவீரர்களுக்கு, மற்றொன்று ஆடிப் பாடி நடிப்பவர்களுக்கு. இரண்டுக்கும் மூலம் ஒரே பிரெஞ்சுச் சொல். காதுக்கு வேறுபாடு தெரியாது, கண்ணுக்கு மட்டுமே தெரியும். சென்னை சபாக்களில் நாடக ட்ரூப் என்று சொல்லிச் சொல்லி அந்த இரண்டாவதை நாமும் சொந்தமாக்கிக்கொண்டோம்.

இனி இலக்கணத்தின் நளினம். 'ஜூரி' சத்தியம் செய்தவர்களின் கூட்டம். அவர்கள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னால் அந்தச் சொல்லோடு ஒருமைக்குரிய 'இஸ்' வரும். தமக்குள் கருத்து வேறுபட்டு நின்றால் பிரிட்டிஷ் எழுத்தாளர் பன்மைக்குரிய 'ஆர்' போடுவார். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் ஒழுங்கு உண்டு, ஆனாலும் என் வாக்கு பிரிட்டிஷ் வழக்குக்கே. பன்னிரண்டு பேரின் மனம் ஒன்றுபட்டதா, பிரிந்ததா என்பதை ஒரு துணைவினையே சொல்லிவிடுகிறதே!

அடுத்த முறை ஆங்கிலச் செய்தியொன்றைப் படிக்கையில், அதில் வரும் மனிதர்களுக்கு எந்தப் பெயர் இட்டிருக்கிறார்கள் என்று ஒரு நொடி நின்று பாருங்கள். அந்த இடத்தில் அதற்கு நெருக்கமான இன்னொரு சொல்லைப் போட்டு மறுபடியும் வாசித்துப் பாருங்கள்.