ஆகாரின் கண்கள்: தமிழ் விவிலியத்தில் அதிகாரமும் பார்வையும்

விவிலியப் பெண்களின் கதைகளை அதிகார நோக்கில் மறுவாசிப்புச் செய்யும் திறனாய்வு 1980களில் வலுப்பெற்றது. ஃபிலிஸ் டிரிபிள் 1984இல் வெளியிட்ட நூல், ஆகார், தாமார், லேவியனின் மறுமனையாட்டி, யெப்தாவின் மகள் ஆகிய நால்வரின் துயரக் கதைகளை எடுத்துக்கொண்டது. மீக்கே பால், கதையில் யார் பேசுகிறார் என்பதையும் யார் காண்கிறார் என்பதையும் வேறுபடுத்தி நோக்கும் கதையியல் முறையை எபிரேயக் கதைகளுக்குப் பொருத்தினார். இவ்வாய்வுகளின் களம் எபிரேய மூலமும் ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளும் ஆகும். தமிழில் இக்கதைகளை வாசிப்போர்க்கு இன்னொரு வினாவும் உண்டு. மூலத்தில் இருந்த கண், தமிழில் யாருடைய கண்ணாக மாறியது? ஆகாரின் கதையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே நம் நோக்கம்.

ஆகாரைத் தேர்ந்ததற்குப் பினாங்கும் ஒரு காரணம். ஜார்ஜ் டவுனில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் ஆலயமும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து சென்றடையும் தொலைவிலேயே உள்ளன. இந்நகரத்துத் தமிழ் முஸ்லிம்களுக்கு அவர் ஹாஜரா அம்மையார். தமிழ்க் கிறித்தவர்களுக்கோ அவள் ஆகார் என்னும் அடிமைப்பெண். ஒரே மொழியைப் பேசும் இரு சமூகத்தாரின் நாவில் ஒரே பெண்ணுக்கு இரண்டு விகுதிகள் வழங்குகின்றன. இக்கட்டுரையில் நாம் 'அவள்' என்றே எழுதுகிறோம். ஒரு பாடத்தின் சொல்லை ஆராயும்போதே அதைத் திருத்திக்கொள்வது முறையன்று.

முதலில் விகுதியைப் பற்றி ஒரு விளக்கம். 1871இல் பவர் தலைமையிலான குழு நிறைவு செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பே தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரிதும் வாசிக்கப்படுகிறது. அது பெண்களை 'அவள்' என்று தாழ்த்துகிறது என்னும் குற்றச்சாட்டு அடிக்கடி எழுவதுண்டு. அதில் பாதியே உண்மை. அம்மொழிபெயர்ப்பில் ஆபிரகாமும் 'அவன்', தாவீதும் 'அவன்', பேதுருவும் 'அவன்'. எடுத்துரைப்பவரின் கூற்றில் 'அவர்' என்னும் சிறப்பு இறைவனுக்கும் இயேசுவுக்கும் உரியதாகவே பெரிதும் நிற்கிறது. கடவுளுக்கு முன் அரசனும் அடிமையும் ஒரே வரிசையில் நிற்கும் அந்த இலக்கணத்தில் ஒருவகைச் சமத்துவம் இருக்கிறது.

ஆனால் பாத்திரங்கள் தமக்குள் பேசத் தொடங்கியதும் அச்சமத்துவம் குலைகிறது. எபிரேயத்தில் முன்னிலைக்கு மரியாதைப் பன்மை இல்லை. கணவனும் மனைவியும் ஒருமை வடிவத்தால்தான் ஒருவரையொருவர் விளிக்கின்றனர். தமிழில் சாராய் ஆபிராமை 'நீர்' என்கிறாள், ஆபிராம் அவளை 'நீ' என்கிறான். தூதனும் ஆகாரை 'நீ' என்கிறான். மூலத்தில் இல்லாத ஏணி ஒன்று தமிழில் சார்த்தப்படுகிறது. தமிழர் குடும்ப வழக்கை ஒட்டி அமைந்தமையால் அது நம் காதுக்கு உறுத்துவதில்லை. உறுத்தாததாலேயே அதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

இனிக் கதைக்கு வருவோம். ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் பிள்ளையில்லாத சாராய் தன் எகிப்திய அடிமையைக் கணவனிடம் ஒப்படைக்கிறாள். மூன்றாம் வசனத்தில் சாராய் ஆபிராமுக்கு என்ன உறவோ அதே உறவுச்சொல்லால்தான் ஆகாரும் அவனுக்குக் கொடுக்கப்படுகிறாள் என்கிறது மூலம். எபிரேயத்தில் இருவரும் மனைவியரே. தமிழில் சாராய் 'மனைவி', ஆகார் 'மறுமனையாட்டி'. ஒரே வசனத்திற்குள் ஒரு சொல் இரண்டாகப் பிளக்கப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பாளர்கள் சமூக நடப்பை எண்ணித் தெளிவுபடுத்தியிருக்கலாம். ஆயினும் மூலம் ஒருகணம் கொடுத்த தகுதி, தமிழ் வாசகருக்குக் கிட்டாமலே போயிற்று.

இதனினும் நுட்பமானது கண்ணைப் பற்றிய செய்தி. நான்கு முதல் ஆறு வரையுள்ள மூன்று வசனங்களிலும் எபிரேயம் 'கண்களில்' என்னும் தொடரை வசனத்திற்கு ஒரு முறை ஆள்கிறது. ஆகார் கருவுற்றதைக் கண்டபோது அவள் கண்களில் அவளுடைய தலைவி எடை குறைந்தவள் ஆனாள் என்பது முதலாவது. அதையே சாராய் தன் வாயால் முறையிடுவது இரண்டாவது. உன் கண்களில் எது நல்லதோ அதை அவளுக்குச் செய் என்னும் பொருள்பட ஆபிராம் மறுமொழி கூறுவது மூன்றாவது. ஐக்கிய மொழிபெயர்ப்பில் மூன்றாமிடத்தில் மட்டுமே 'பார்வை' என்னும் சொல் நிற்கிறது. முதலிரண்டு இடங்களிலும் கண் மறைந்து, அற்பமாக எண்ணுதல் என்னும் வினை வந்துவிடுகிறது. ஆக, எசமானிக்குப் பார்வை இருக்கிறது, அடிமைக்கு எண்ணம் மட்டும், அதுவும் குற்றமுள்ள எண்ணம்.

இது சிறு வேறுபாடன்று. மூல வாக்கியத்தில் எழுவாய் தலைவிதான், ஆகார் அல்லள். ஆகார் யாரையும் இகழ்ந்ததாக அங்கு வினையில்லை. கருவுற்ற அடிமையின் கண்ணுக்கு உலகம் வேறாகத் தெரிகிறது, அவ்வளவே. தமிழில் எழுவாய் மாறி ஆகார் செயல் செய்பவள் ஆகிறாள், அச்செயல் செருக்கு ஆகிறது. தமிழ்ச் சபைகளில் ஆகார் நன்றிமறந்த செருக்கிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவதற்கு இவ்வாக்கியம் இடந்தருகிறது. கலாத்தியர் நிருபத்தில் பவுல் அவளை அடிமைத்தனத்தின் உருவகமாக்கியதும் இதற்குத் துணைசெய்தது. தமிழ் மரபுக்கு ஒவ்வாது என்று கண்ணை விட்டுவிட்டதாகவும் கூற இயலாது. ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் சிறுத்துத் தெரிவது தமிழில் இயல்பான வழக்கே.

தலைவியைக் குறிக்க இம்மொழிபெயர்ப்பு ஆளும் சொல் 'நாச்சியார்'. ஆண்டாளுக்கும் திருமகளுக்கும் வைணவர் வழங்கும் சொல்லே அடிமையை உடையவளுக்கும் பெயராகிறது. அத்தகைய சொல்லின் முன் ஆகாரின் பார்வை தாங்கி நிற்குமா என்பது ஐயமே.

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் வேறொரு வழியில் சென்றது. யோவான் நற்செய்தியின் சமாரியப் பெண் அங்கு 'அவர்' ஆனார், இயேசு அவரை 'அம்மா' என்று விளித்தார். பழைய மொழிபெயர்ப்பின் 'ஸ்திரீயே' என்னும் விளியோடு ஒப்பிட, இது பெரிய மாற்றம். நாம் இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் மரியாதை விகுதியைப் பங்கிடத் தொடங்கியவுடன், அதைப் பெறாதவர் யார் என்ற வினாவும் எழுந்துவிடுகிறது. ஆகார் அங்கும் 'அவள்' ஆகவே இருக்கிறாள். எல்லாரும் 'அவன்', 'அவள்' ஆக இருந்த நூலில் அவ்விகுதிக்கு இழிவில்லை, சிலர் 'அவர்' ஆகிவிட்ட நூலில் உண்டு.

அங்கு அவளுக்குரிய பெயரும் 'பணிப்பெண்' என்று மாறியது. இச்சொல் பினாங்கு வாசகருக்குத் தரும் பொருள் வேறு. மலேசியத் தமிழ் நாளிதழ்களில் பணிப்பெண் என்றால் ஒப்பந்தத்தில் கடல்கடந்து வந்து, சம்பளத்துக்கு வீட்டுவேலை செய்யும் அயல்நாட்டுப் பெண். ஆகாருக்குச் சம்பளமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, அவள் வயிறும் அவளுடையதன்று. சொல் மென்மையானதால் கொடுமை மறைந்தது. எனினும் அச்சொல் நம்மை அறியாமலே இன்னொரு கதவையும் திறக்கிறது. 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் காயங்களுடன் மீட்கப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட முதலாளியின் விடுதலையை 2022இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கு நீதிமன்றங்களைக் கடந்து சென்ற அத்தனை ஆண்டுகளிலும் இறந்தவரின் கண்ணில் அவ்வீடு எப்படித் தெரிந்தது என்பதை அவர் வாயால் கேட்க வழியில்லாது போயிற்று. புனித அன்னாள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தமிழர் திரளும் ஊர் அது.

ஹாஜராவின் கதை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. குர்ஆனில் அவர் பெயர் இல்லை. நபிமொழித் தொகுப்பில் கதை அவரைப் பின்தொடர்கிறது. பாலையில் விட்டுச் செல்லும் கணவரை நிறுத்தி, இது இறைவன் கட்டளையா என்று அவர் வினவுகிறார். சஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நீர் தேடி ஏழு முறை அலைகிறார். பினாங்கு துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஹஜ் பயணிகள் மக்காவில் நடந்தது அந்தத் தாயின் அடிச்சுவட்டில்தான். ஆதியாகமத்திலோ ஆகார் ஆபிரகாமிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எனினும் முஸ்லிம் மரபே முழுநிறைவானது என்று நாம் கூறவில்லை. அங்குத் தலைவி அடிமை உறவின் வன்மம் பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. அதை முன்னிறுத்தியது ஆதியாகமத்தின் தனிச்சிறப்பு.

அவ்வாதியாகமத்திலும் சாராய், ஆபிராம் இருவரும் ஒருமுறைகூட ஆகாரைப் பெயர்சொல்லி அழைப்பதில்லை. பெயர்சொல்லி அழைக்கும் முதல் குரல் பாலையில் வரும் தூதனுடையது. அதற்கு ஈடாக அவள் செய்வது வியப்புக்குரியது. தன்னோடு பேசிய இறைவனுக்கு அவளே பெயர் சூட்டுகிறாள், தன்னைக் காண்பவன் என்று. பார்வையற்றவளாகத் தமிழில் ஆக்கப்பட்டவள் சூட்டிய பெயர் பார்வையைப் பற்றியது. அதன் நினைவாக அந்தத் துரவுக்கு இடப்பட்ட பெயரை ஐக்கிய மொழிபெயர்ப்பு மொழிபெயர்க்கவில்லை, 'லாகாய்ரோயீ' என்று எபிரேய ஒலியிலேயே விட்டுவிட்டது. ஆலயத்தில் அதை வாசிக்கக் கேட்பவருக்கு அது ஓர் ஊர்ப்பெயர். அதற்குள் ஒரு கண் இருப்பது அவர் காதுக்கு எட்டுவதில்லை.