மூன்று கால் இறுதிகளும் ஒரு மெல்லிய சர்வீஸும்

இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "சர்வீஸ் மட்டும் கொஞ்சம் பலமாக இருந்திருந்தால்..." பெருமூச்சோடு அந்தப் பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். பாதி உண்மை அதில் இருக்கிறது. ஆனால் 8 ஏடிபி ஒற்றையர் பட்டங்கள் வென்ற ஒருவரின் பதினைந்து ஆண்டு உழைப்பை அந்த ஒரு வரிக்குள் அடைத்துவிடுவது நியாயமில்லை. மீதிப் பாதி உண்மை தெரிய வேண்டுமென்றால் அவர் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ரமேஷ் மூன்று முறை கால் இறுதிக்குப் போனார். 1981 அமெரிக்க ஓபன், 1986 விம்பிள்டன், 1987 அமெரிக்க ஓபன். மூன்றிலும் அங்கேயே நின்றார். நிறுத்தியவர்கள் யார்? முதலில் ஜான் மெக்கன்ரோ. அடுத்து யூகோஸ்லாவியாவின் ஸ்லோபோடான் ஜிவோயினோவிச். மூன்றாவது ஸ்டெஃபான் எட்பெர்க். இடது கைக்காரரான மெக்கன்ரோவின் சர்வீஸ், வாங்குபவரைக் கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஜிவோயினோவிச்சின் சர்வீஸ் அந்தக் காலத்தின் மிக வேகமானவற்றில் ஒன்று. எட்பெர்க்கோ சர்வீஸ் போட்ட பந்து எழும்பி முடிப்பதற்குள் வலைக்கு வந்து நிற்பார். மூவரின் ஆட்டமும் வேறு வேறு. ஆனால் ஒரு புள்ளியை முதல் இரண்டு அடிகளுக்குள் முடித்துவிடும் வல்லமை மூவருக்கும் உண்டு.

ரமேஷின் ஆட்டம் தொடங்குவதே மூன்றாவது, நான்காவது அடியில்தான். இந்த மூன்று தோல்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவருடைய சர்வீஸ் மெலிந்திருந்தது என்பது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. எதிராளியின் சர்வீஸ் அவரை ஆட்டத்துக்குள்ளேயே விடவில்லை என்பதும் அதே அளவுக்குப் பெரிய காரணம்.

ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பந்து தரையில் பட்டு மேலேறும்போதே எடுத்துவிடுவார். ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகும் வீச்சு மிகக் குறுகியது. பந்து இடது பக்கம் போகிறதா வலது பக்கம் போகிறதா என்பது ராக்கெட்டை விட்டுக் கிளம்பும்வரை எதிராளிக்குப் புலப்படாது. டாப் ஸ்பின்னை அதிகம் நம்பாமல் தட்டையாக, வலையை உரசுவதுபோல அடிப்பார். எதிராளி தரும் வேகத்தையே வாங்கி அவருக்கே திருப்பித் தருவார். வலைக்கு ஓடி வருபவரின் காலடியில் பந்தைப் போடுவார், அடுத்த முறை அதே கை அசைவில் தலைக்கு மேல் லாப் அனுப்புவார். மற்றவர்களுக்கு அவசரத்துக்குத் தப்பிக்கும் வழியான ஹாஃப் வாலி, அவருக்கு அன்றாட அடி.

இந்தக் கை தாத்தா டி.கே.ராமநாதனிடமிருந்து தந்தை ராமநாதன் கிருஷ்ணனுக்கும், அவரிடமிருந்து மகனுக்கும் வந்தது. தந்தை 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். மகன் 1979இல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர், விம்பிள்டன் ஜூனியர் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். தந்தையின் சர்வீஸும் மெல்லியதுதான். ஆனால் தந்தை ஆடியது எல்லோர் கையிலும் மர ராக்கெட் இருந்த காலம். மகன் சர்வதேச ஆட்டத்துக்குள் நுழைந்த சில ஆண்டுகளிலேயே கிராஃபைட் ராக்கெட் வந்துவிட்டது. 1985இல் 17 வயது போரிஸ் பெக்கர் விம்பிள்டனை வென்றபோது டென்னிஸ் எந்தத் திசையில் போகப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே 1985 ஜனவரியில்தான் ரமேஷ் உலகத் தரவரிசையில் தன் வாழ்நாளின் உச்சமான 23வது இடத்தைத் தொட்டிருந்தார்.

சர்வீஸுக்கே வருவோம். டென்னிஸ் வலையின் நடு உயரம் 3 அடி. பேஸ்லைனிலிருந்து வலை 39 அடி தூரத்தில் இருக்கிறது, அதைத் தாண்டி 21 அடிக்குள் பந்து விழ வேண்டும். ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர் மேலிருந்து கீழாகப் பந்தை அறையலாம். ரமேஷைப் போன்ற குள்ளமான ஆட்டக்காரருக்கு அந்தக் கோணம் கிடைக்காது. வேகத்தைக் கூட்டினால் பந்து கோட்டைத் தாண்டும் அபாயமும் கூடும். அதனால் அவர் இடம் பார்த்துப் போட்டார். அதில் ஒரு சூட்சுமமும் உண்டு. வேகமில்லாத பந்தை வேகமாகத் திருப்ப வேண்டுமென்றால் அந்த வேகத்தை எதிராளி தன் கையிலிருந்து உண்டாக்க வேண்டும். அப்போது தவறுகள் வரும். ஆனாலும் இதற்கு ரமேஷ் கொடுத்த விலை பெரியது. இலவசமாக ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. தன் சர்வீஸ் கேம் ஒவ்வொன்றையும் ஓடி ஓடித்தான் காப்பாற்ற வேண்டும். மெக்கன்ரோவுடனான 1981 ஆட்டத்தின் எண்களை ரமேஷின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்: 7-6, 6-7, 4-6, 2-6. முதல் செட்டை டை-பிரேக்கில் எடுத்தார், இரண்டாவதை டை-பிரேக்கில் இழந்தார். அதன் பிறகு கிடைத்த கேம்கள் செட்டுக்குச் செட்டு குறைகின்றன. அந்த ஆண்டின் விம்பிள்டன் சாம்பியனோடு 20 வயதுப் பையன் இரண்டு செட் சரிசமமாக நின்றான். ஐந்து செட் ஆட்டம் கேட்கும் எரிபொருள் அந்தச் சர்வீஸில் இல்லை.

அப்படியானால் அவர் யாரை வெல்வார்? இதற்கான விடை மேட்ஸ் விலாண்டருடன் அவர் ஆடிய இரண்டு ஆட்டங்களில் இருக்கிறது. 1987 டிசம்பரில் டேவிஸ் கோப்பை இறுதி. கோத்தன்பர்க் நகரின் உள்ளரங்கில் ஸ்வீடன் களிமண் தளத்தைப் போட்டு வைத்திருந்தது. விலாண்டர் நேர் செட்களில் வென்றார், ஸ்வீடன் 5-0 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. களிமண்ணில் பந்து நின்று எழும்பும். ரமேஷின் தட்டையான அடிக்கு அங்கே விறுவிறுப்பு இல்லை. அவருடைய சர்வீஸும் எதிராளியின் தோளுக்கு நேராக வந்து நிற்கும்.

13 மாதம் கழித்து, 1989 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓபனின் இரண்டாவது சுற்று. இப்போது விலாண்டர் உலகின் முதல்நிலை வீரர். முந்தைய ஆண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்றை வென்றவர். ஆஸ்திரேலியாவில் நடப்பு சாம்பியனும் அவர்தான். ரமேஷ் அந்த மாதம் ஆக்லாந்தில் ஒரு பட்டம் வென்ற கையோடு மெல்போர்னுக்கு வந்திருந்தார். 6-3, 6-2, 7-6. வென்றவர் ரமேஷ்! ஆடியவர்கள் அதே இருவர்தான், தளம்தான் வேறு. கடினத் தரையில் ரமேஷ் பந்தை முன்கூட்டியே எடுக்க முடிந்தது. விலாண்டர் பேஸ்லைனில் நின்று பொறுமையாகப் பந்தைத் திருப்பி எதிராளியைக் களைக்க வைப்பவர். அந்த ஆட்டம் ரமேஷுக்கு வேண்டிய மூன்றாவது, நான்காவது அடியைத் தானாகவே தந்தது. சர்வீஸால் அவரை வெளியே தள்ள விலாண்டரிடம் பீரங்கி இல்லை. இந்திய டென்னிஸ் வரலாற்றில் ஒரே ஒரு ஒற்றையர் ஆட்டத்தை எடுத்துக்காட்டச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் வெற்றிகளிலேயே கனமானது அதற்கும் முன்னால் வந்தது. 1987 அக்டோபரில் சிட்னியின் புல்தரையில் டேவிஸ் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா நடப்பு சாம்பியன். நம் பக்கம் 33 வயது விஜய் அமிர்தராஜும் 26 வயது ரமேஷும். முதல் நாள் ரமேஷ் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றார், விஜய் வாலி மாஸரை வென்றார். பிறகு இரட்டையர் போனது, விஜய்யின் இரண்டாவது ஒற்றையரும் போனது. 2-2. ஐந்தாவது ஆட்டம் ரமேஷின் தோளில் விழுந்தது. எதிரே மாஸர், சொந்த மண், சொந்தக் கூட்டம். புல்லில் மெதுவான சர்வீஸ்கூடத் தாழ்ந்து வழுக்கிப் போகும், அதை ஏறி அடிப்பது கடினம். தட்டையான அடி இன்னும் தாழும். தன் கையில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ற தளம் கிடைத்த அன்று, நாட்டின் முழுச் சுமையும் தலைமேல் இருந்தபோது, ரமேஷ் ஒரு செட்டையும் விட்டுத்தரவில்லை. இந்தியா இறுதிக்குப் போனது. நெஞ்சுரம் இல்லாதவருக்கு அந்த நாள் வாய்க்காது. மென்மையாக ஆடுகிறவர் மனத்தாலும் மென்மையானவர் என்று நினைப்பவர்கள் இந்த ஆட்டத்தை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசி ஆண்டுகளிலும் அவர் வெறுமனே வந்து போகவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இளம் லியாண்டர் பேயஸோடு இரட்டையர் கால் இறுதிவரை போனார். மறு ஆண்டு பிரான்ஸை பிரான்ஸிலேயே, அதுவும் களிமண்ணில், 3-2 என்று வீழ்த்தி டேவிஸ் கோப்பை அரையிறுதிக்கு வந்த இந்திய அணியில் 32 வயது ரமேஷ் இருந்தார்.

எனவே 23 என்ற எண்ணை மட்டும் வைத்து அவரை அளக்காதீர்கள். பலமான சர்வீஸ் இருந்திருந்தால் முதல் பத்துக்குள் வந்திருப்பாரா என்றால், வந்திருக்கலாம். ஆனால் அவர் காலத்தில் சர்வீஸால் மட்டுமே புள்ளி சேர்த்தவர்கள் பலர் இருந்தார்கள். சர்வீஸே இல்லாமல் மூன்று கிராண்ட் ஸ்லாம் கால் இறுதி கண்டவர்கள் மிக அரிது. உயரம் போதாது என்று பயிற்சி மையத்தில் பன்னிரண்டு வயதிலேயே ஒதுக்கப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 1989 மெல்போர்ன் ஆட்டத்தின் பதிவு எங்காவது கிடைத்தால் பிள்ளையை உட்கார வைத்துக் காட்டுங்கள்.

1987க்குப் பிறகு இந்திய ஆண்கள் யாரும் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் கால் இறுதியைத் தொடவில்லை. டேவிஸ் கோப்பை இறுதிக்கும் இந்தியா அதன் பிறகு போகவில்லை.